தோழமை நாள்: அறுபதையும் எண்பதையும் நண்பர்களோடு நிறைவுசெய்யும் முறை

காவிரிப் படுகை ஊர்களில் அறுபது, எழுபது, எண்பது ஆகிய வயதுகளின் நிறைவு பெரும்பாலும் பிள்ளைகள் பெற்றோருக்கு எடுக்கும் விழாவாகவே நடைபெறுகிறது. நாள் பார்ப்பதும், மண்டபம் பேசுவதும், பத்திரிகை அடிப்பதும், சமையலுக்குத் தவசுப்பிள்ளையை அமர்த்துவதும் பிள்ளைகளின் பொறுப்பாகிவிட, விழாவுக்குரியவர் மணையில் அமர்ந்து பிறர் செய்வதை ஏற்றுக்கொள்பவராக இருந்துவிடுகிறார். இவ்வேற்பாட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆயினும், நாள்தோறும் விடியலில் அவரோடு ஆற்றங்கரையில் நடப்பவர்கள், முறைப் பாசனத் தண்ணீருக்காக இரவு முழுதும் அவரோடு மதகடியில் விழித்திருந்தவர்கள், மார்கழிப் பஜனையில் அவர் குரலோடு குரல் சேர்த்தவர்கள் ஆகியோர் அந்த நாளில் மூன்றாம் பந்தியில் உண்டு, மொய் எழுதிவிட்டுப் பேருந்து பிடிக்கும் விருந்தினராகக் குறுகிவிடுகின்றனர்.

பேச்சு வழக்கில் ‘செட்டு’ என்று சொல்லப்படும் இவ்வட்டம், ஒத்த வயதும் ஒத்த பழக்கமும் உடைய, இன்னும் ஓடியாடி இயங்கிக்கொண்டிருக்கும் நண்பர்களின் குழுவைக் குறிக்கும். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ வாழும் இக்காலத்தில், ஒரு மூத்தவர் மருந்தை மறந்தால் முதலில் அறிபவரும், அவர் ஒரு நாள் நடைக்கு வராவிட்டால் கதவைத் தட்டுபவரும் இச்செட்டினரே. அவர்களுக்கு விழாவில் உரிய இடம் தருவதும், விழாவுக்குரியவர் அன்றைக்குத் தம் கைகால்களைப் பயன்படுத்தும்படி நாளை அமைப்பதும் எவ்வாறு என்பதை இவ்வத்தியாயம் விளக்குகிறது.

1. வயதும் அதற்குரிய பெயரும்

தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்களைக் கொண்ட சுழற்சியாக எண்ணப்படுகின்றன. வியாழன் வான்வட்டத்தை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகளும், சனி சுற்றிவர ஏறத்தாழ 30 ஆண்டுகளும் ஆவதால், இவ்விரு கோள்களும் ஒருவர் பிறந்தபோது இருந்த இடங்களுக்கு ஏறத்தாழ ஒருசேரத் திரும்புவதற்கு 60 ஆண்டுகள் தேவைப்படுகின்றன. பிறந்த ஆண்டின் பெயரும் அப்போது மீண்டும் வருகிறது. 2026 ஏப்ரல் நடுவில் தொடங்கும் பராபவ ஆண்டு, 1966 ஏப்ரல் நடுவிலிருந்து ஓராண்டுக்குள் பிறந்தவர்களின் பிறந்த ஆண்டாகும். அவர்கள் அவ்வாண்டில் தம் மாதமும் நட்சத்திரமும் கூடும் நாளில் அறுபதை நிறைவுசெய்கின்றனர்.

இதே கணக்கைப் படுகைவாசிகள் அறிந்த மற்றொரு அளவாலும் சொல்லலாம். கும்பகோணத்து மகாமகம் வியாழன் சிம்ம ராசியில் இருக்கும் ஆண்டின் மாசி மகத்தன்று நடைபெறுவதால் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறது; 1966இல் பிறந்தவர் 1968, 1980, 1992, 2004, 2016 என ஐந்து மகாமகங்களைக் கடந்து மணிவிழாவை அடைகிறார்.

அறுபது தொடங்கும்போது செய்யப்படும் சடங்கு உக்ரரத சாந்தி எனவும், அறுபது நிறைந்து அறுபத்தொன்று பிறக்கும்போது செய்யப்படுவது சஷ்டியப்த பூர்த்தி எனவும் வழங்கப்படுகின்றன. சஷ்டி என்பது அறுபதையும், அப்தம் என்பது ஆண்டையும், பூர்த்தி என்பது நிறைவையும் குறிக்கும் வடசொற்களாகும்; தூய தமிழில் இதனை மணிவிழா என்பர். எழுபதை ஒட்டி நடப்பது பீமரத சாந்தி. எழுபத்தைந்தின் நிறைவு பவள விழா. எண்பதை ஒட்டி நடப்பது சதாபிஷேகம். சதாபிஷேகத்துக்கு உரியவரை ‘ஆயிரம் பிறை கண்டவர்’ என்று போற்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்குச் சராசரியாக இருபத்தொன்பதரை நாள் ஆவதால், ஆயிரம் பிறைகள் நிறைய 80 ஆண்டுகளும் ஏறத்தாழ 10 மாதங்களும் ஆகின்றன. குடும்ப வழக்குக்கு ஏற்ப இதில் சில மாதங்கள் முன்பின்னாக நாள் குறிக்கப்படுவதுண்டு.

அறுபதாண்டுச் சுழற்சியைப் பின்பற்றும் பிற நாடுகளிலும் இவ்வயது சிறப்புடையது. ஜப்பானியர் அறுபதின் நிறைவைக் ‘கன்ரெக்கி’ என்று அழைத்து, மீண்டும் குழந்தையாகப் பிறந்ததன் அடையாளமாகச் சிவப்பு நிறக் கையில்லா மேலங்கியை அணிவிக்கின்றனர். கொரியரும் இவ்வயதைப் பெருவிழாவாகக் கொண்டாடிவந்துள்ளனர். ஜப்பானில் 88 வயதுக்குப் ‘பெய்ஜு’ என்று பெயர்; அரிசியைக் குறிக்கும் எழுத்தைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு என்னும் எழுத்துகள் கிடைப்பதால் அது ‘அரிசி வயது’ ஆயிற்று. நெல்லை உயிராகக் கொண்ட தஞ்சை வட்டாரத்துக் குடும்பங்கள், எண்பதைக் கடந்த பின்னும் கொண்டாட ஒரு வயது தேடுமானால், இந்த 88ஐ விரும்பி ஏற்கலாம்.

2. நாள் குறித்தல்: நட்சத்திரமும் நெல்லும்

சடங்குக்கு உரிய நாள், பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாளாகும். இவ்வழக்கு எவ்வளவு ஆழமானது என்பதற்குத் தஞ்சாவூரே சான்றாக நிற்கிறது. முதலாம் இராசராசனின் பிறந்த நட்சத்திரமான சதயம் ஐப்பசியில் கூடும் நாளில் ஆண்டுதோறும் பெரிய கோயிலில் சதய விழா நடைபெறுவதால், அதன் ஆங்கிலத் தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதுபோலவே பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதிக்கும் நட்சத்திர நாளுக்கும் இடையில் பல நாள் வேறுபாடு இருக்கலாம். நட்சத்திரச் சுற்று இருபத்தேழு நாளுக்குச் சற்று மிகுந்தும், தமிழ் மாதம் அதைவிட நீண்டும் இருப்பதால், ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரு முறை வருவதும் உண்டு. எதைக் கொள்வது என்பதை ஆறு மாதத்துக்கு முன்பே குடும்பப் புரோகிதரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நண்பர்களின் வசதியை நட்சத்திரம் அறியாது. செட்டில் பாதிப் பேர் உழவராக இருக்கும் ஊரில், நாற்று நடவின்போதோ அறுவடையின்போதோ விழா வந்தால், அவர்கள் முகம் காட்டிவிட்டு வயலுக்கு ஓடவேண்டியிருக்கும். ஆகவே சடங்கு நாளையும் தோழமை நாளையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும் ‘இரு நாள் முறை’ இங்குப் பரிந்துரைக்கப்படுகிறது. நட்சத்திர நாளில் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர் சிலரும் கூடிச் சடங்கை நிறைவேற்ற, அதற்கு முன்போ பின்போ செட்டு முழுமைக்கும் உகந்த ஒரு நாளை நண்பர்களே கூடிக் குறிப்பதே இம்முறையாகும்.

தோழமை நாளைக் குறிக்கும்போது படுகையின் பருவங்களைக் கருத்தில் கொள்ள வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டு, சில நாளில் தண்ணீர் கல்லணையை அடைய, குறுவை வேலைகள் சூடுபிடிக்கின்றன. புரட்டாசியில் குறுவை அறுவடையும் சம்பா, தாளடி நடவும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக்கும் புயலுக்கும் உரியவை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று இப்பகுதியைத் தாக்கியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி, முறை வரும் வரை காவல் இருப்பதும் அப்போதுதான். சித்திரை, வைகாசியின் கத்திரி வெயில் முதியோருக்கு ஆகாது.

எஞ்சி நிற்பதில் மாசியின் பிற்பகுதியும் பங்குனியின் முற்பகுதியும் எல்லா வகையிலும் பொருத்தமானவை. சம்பா வீடு வந்து சேர்ந்திருக்கும். வயலில் உளுந்தும் பயறும் தாமாக வளர்ந்துகொண்டிருக்கும். விடியலில் குளிர் குறைந்து, வெயில் இன்னும் முற்றாத காலம் அது. எனினும் அடுத்த மகாமகம் 2028இல் வருவதால், அவ்வாண்டு மாசியில் கும்பகோணத்தை ஒட்டித் தங்குமிடமும் வண்டியும் தேடுவதைத் தவிர்க்க வேண்டும்.

3. சடங்கு நாளில் தோழர்களின் பணி

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையில் உள்ள திருக்கடையூர், ஆயுள் நிறைவுச் சடங்குகளுக்குப் பெயர்பெற்ற தலமாகும். மார்க்கண்டேயரின் உயிரைக் கவர வந்த எமனைச் சிவபெருமான் உதைத்தருளிய இடம் என்பது தலபுராணம். அதனால் இது அட்ட வீரட்டானத் தலங்கள் எட்டினுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. அமிர்தகடேசுவரர், அபிராமி சந்நிதிகளைக் கொண்ட இக்கோயிலில் மணிவிழாவும் சதாபிஷேகமும் ஆண்டு முழுதும் நடைபெறுவதால், ஒரே காலையில் பல தம்பதியரின் ஓமங்கள் அடுத்தடுத்து வளர்வதைக் காணலாம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் ஆகையால், எழுபதைக் கடந்தவர்கள் முந்திய நாள் மாலையே சென்று தங்குவது நன்று.

சடங்கின் நடுநாயகமான நிகழ்ச்சி கலச நீராட்டாகும். மந்திரம் ஓதி வைக்கப்பட்ட கலசங்களின் நீரை, தம்பதியரின் தலைக்கு மேல் பிடிக்கப்பட்ட சல்லடை வழியாகப் பிள்ளைகளும் உறவினரும் நண்பர்களும் ஒருவர் பின் ஒருவராக ஊற்றுவர். நீர் நூறு இழைகளாகப் பிரிந்து நரைத்த தலைகளில் இறங்கும் அக்காட்சி மனத்தைக் கரைக்க வல்லது. அதே வேளையில் மிகுந்த கவனம் தேவைப்படுவதும் அப்போதுதான். எண்பது வயதுடையவர் நனைந்த பட்டோடு நெடுநேரம் அமர்ந்திருந்தால் உடல் நடுங்கும். எழும்போது ஈரமான தரையும் காலில் சுற்றிய ஈரப் புடவையும் அவரைச் சறுக்கச் செய்யும். படம் எடுப்பவர்களும் நீர் ஊற்றுபவர்களும் அக்கணத்தில் தரையைப் பார்ப்பதில்லை.

ஆகவே செட்டினருள் திடமான இருவரைத் தம்பதியரின் இரு புறமும் நிறுத்தி, நீராட்டு முடிந்ததும் அவர்களுக்கு வேறு எந்த வேலையும் இல்லாதபடி செய்ய வேண்டும். ஒருவர் கையில் இரண்டு உலர்ந்த துண்டுகள் இருக்க வேண்டும்; மற்றவர் உடை மாற்றும் அறை வரையுள்ள வழியை முன்னரே பார்த்து, சாக்கோ கயிற்றுப் பாயோ விரித்து வைத்திருக்க வேண்டும். அம்மையாரின் பக்கத்தில் அவருடைய தோழியர் இருவர் நிற்பது இன்னும் முறையாகும். நாள்தோறும் உடன் நடப்பவருக்கு, எந்த முழங்கால் வலிக்கிறது, எந்தப் பக்கம் கை கொடுத்தால் அவர் எழுவார் என்பது தெரியும். அந்த அறிவு வேறு எவரிடமும் இல்லை.

ஓமப் புகையால் மூச்சு முட்டுபவர்களைக் காற்று வரும் பக்கம் அமரச் செய்தல், நாயனக்காரர் தம்பதியரின் காதருகே அமராமல் பார்த்துக்கொள்ளுதல், வெளியூர் நண்பர்களை மயிலாடுதுறை ரயில் நிலையத்தில் எதிர்கொண்டு அழைத்துவருதல் ஆகிய பணிகளையும் பெயர் குறித்துப் பகிர்ந்தளிக்கலாம். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விடப்படும் வேலையை எவரும் செய்வதில்லை.

4. தோழமை நாளின் செயல்கள்

தோழமை நாளுக்கு உரிய விதி ஒன்றே: அன்று செட்டு கூடி ஒரு செயலைச் செய்ய வேண்டும். மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை வரிசை ஆகியவற்றில் கழியும் பொழுது, இயங்கிப் பழகிய மனிதர்களை நாற்காலியில் கட்டிப்போடுகிறது. செட்டின் இயல்பையும் உடல்நிலையையும் பொறுத்துப் பின்வருவனவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

*நடை.* தஞ்சாவூரில் ‘புது ஆறு’ என்று வழங்கும் கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்த 1934ஆம் ஆண்டை ஒட்டி உருவானதாகும். அதன் கரையில் நடப்பது நகரத்து மூத்தவர்கள் பலருக்குப் பழக்கமானது. தோழமை நாளில் விடியலில் அக்கரையில் தொடங்கி, பெரிய கோயிலைச் சுற்றி, சிவகங்கைப் பூங்காவில் முடியும் நடையை அமைக்கலாம். வேகமாக நடப்பவர் முன்னே சென்றுவிடாமல், கூட்டத்தின் வேகத்தை மிக மெதுவாக நடப்பவரே தீர்மானிக்க வேண்டும்; விழாவுக்குரியவர் தம் வாழ்வோடு தொடர்புடைய இடங்களில், அதாவது படித்த பள்ளி, வேலை பார்த்த அலுவலகம், முதன்முதலில் குடியிருந்த தெரு ஆகியவற்றில் நின்று இரண்டு நிமிடம் பேசினால், நடையே வாழ்க்கை வரலாறாகிவிடும்.

*பாட்டு.* திருவையாற்றில் தியாகராசர் ஆராதனையின்போது எண்ணற்ற பாடகர்கள் ஒன்றாக அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும் மரபு, கச்சேரியில் இல்லாத ஒரு சமத்துவத்தை உடையது. தேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் அங்கு ஒரே பாயில் அமர்கின்றனர். இந்த அமைப்பைப் பின்பற்றி, செட்டினர் ஒரு மாதம் பழகி, அன்று காவிரிக் கரையில் அல்லது வீட்டுத் திண்ணையில் ஒருமித்துப் பாடலாம். தேவாரமோ, பஜனையோ, பழைய திரைப்பாடலோ எதுவாயினும், எல்லாரும் வாய் திறப்பதே முக்கியம்.

*நடவு.* கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பகுதித் தென்னைகள் பெருமளவில் சாய்ந்த பிறகு, மரம் பற்றிய அக்கறை இங்குப் பெருகியுள்ளது. ஊர்க் குளத்தின் கரையில் வயதுக்கு ஒன்றாக அறுபதோ எண்பதோ பனை விதைகளை ஊன்றுவது முதியோராலும் எளிதில் இயலும் வேலை. ஒருவர் கடப்பாரையால் குழி தோண்ட, ஒருவர் விதையிட, ஒருவர் காலால் மண்ணைத் தள்ளி மூட, வேலை தானே பங்கிடப்பட்டுவிடும். பனை விதைக்குப் புரட்டாசி, ஐப்பசி மழையே ஏற்றது என்பதால், இதைத் தேர்பவர்கள் நாளையும் அதற்கேற்பக் குறிக்க வேண்டும். குளக்கரைக்கு ஊராட்சியின் ஒப்புதலையும் முன்னரே பெற வேண்டும்.

*பயணம்.* ஒரு வேனில் சென்று மாலைக்குள் திரும்பக்கூடிய இடங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லணையின் நிழல் மரங்கள், வடுவூர் ஏரியின் பறவைகள், 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய தரங்கம்பாடிக் கோட்டையும் அதன் கடற்காற்றும், இரண்டாம் சரபோசி மன்னர் எழுப்பிய மனோரா ஆகியவை இவ்வகைப்பட்டவை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் செல்வது திடமானவர்களுக்கு மறக்க முடியாத அனுபவமாகும். ஆனால் படகில் ஏறி இறங்க இடுப்பும் முழங்காலும் ஒத்துழைக்க வேண்டும் என்பதாலும், உயிர்காப்பு அங்கி அணிவது கட்டாயம் என்பதாலும், செட்டில் ஒருவருக்கு இயலாவிட்டாலும் வேறு இடத்தைக் கொள்வதே தோழமைக்கு அழகு.

5. உடலைக் காத்தல்

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பை மேற்கொள்ள வேண்டும் எனவும், வாரத்தில் மூன்று நாளேனும் உடல் சமநிலையையும் வலுவையும் காக்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் எனவும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. விழாவுக்காக ஒரு வாரம் அலைந்து நடையை விட்டுவிடுபவர்கள், அந்நாளில் சோர்ந்து நிற்பதைக் காணலாம். ஆகவே விழா வாரத்திலும் காலை நடை தடைபடக் கூடாது.

இவ்வட்டாரத்துக்கே உரிய ஓர் இடர், வெறுங்காலில் சூடான கருங்கல்லில் நடப்பதாகும். நெடுங்காலச் சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கல் சுடுவது தெரியாது. கொப்புளம் எழுந்த பிறகே அவர் அறிவார், அந்தப் புண் ஆறுவதும் கடினம். பெரிய கோயில் போன்ற விரிந்த பிராகாரங்களுக்குக் காலை ஒன்பது மணிக்குள் சென்று திரும்பிவிட வேண்டும். தேங்காய்நார் விரிப்பு உள்ள வழியிலேயே நடக்க வேண்டும். வீடு திரும்பியதும் ஒருவர் பாதத்தை மற்றொருவர் பார்த்துவிட வேண்டும்.

சடங்கு முடியும் வரை பட்டினியாக இருப்பது பலரின் வழக்கம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர் அவ்வாறு இருந்தால், இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். மருந்தையும் உணவையும் அன்றைக்கு எப்படி அமைப்பது என்பதை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொண்டு, புரோகிதரிடமும் சொல்லிவைத்தால், இடையில் பால் அருந்த அவர் மறுக்கப்போவதில்லை. செட்டில் ஒருவர் தம் பையில் சர்க்கரைக் கட்டி, குடிநீர், ஒவ்வொருவரின் மருந்துப் பட்டியல், வீட்டாரின் எண் ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும். அவசர ஊர்திக்கு 108, மூத்த குடிமக்கள் உதவிக்கு 14567 என்னும் எண்களை எல்லாருடைய கைப்பேசியிலும் பதிந்துவைக்க வேண்டும். கழிப்பறை எங்குள்ளது, அதில் மேற்கத்திய வகைத் தொட்டி உண்டா என்பதை முன்கூட்டியே பார்த்துவைப்பது சிறியதாகத் தோன்றினாலும், அந்தக் கவலையால் தண்ணீர் குடிக்காமலே இருந்து மயங்குபவர்கள் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

6. இலையும் பந்தியும்

தஞ்சை வட்டாரத்து விருந்து பதார்த்தங்களின் எண்ணிக்கையால் பெயர் பெற்றது. முதியோர் கூடும் பந்தியில் எண்ணிக்கையைக் குறைத்துப் பக்குவத்தைக் கூட்டுவது சிறப்பு. காலையில் இட்லியும், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்த்துச் செய்யும் கும்பகோணம் கடப்பாவும், பின்னர் ஒரு டிகிரி காப்பியும் போதும். நண்பகலில் பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா போன்ற மரபு அரிசியில் ஒரு சாதம், காரம் குறைந்த சாம்பார், மிளகு ரசம், இரண்டு காய், மோர் என அமைத்து, இனிப்புக்குத் திருவையாற்று அசோகா அல்வாவைச் சிறு கரண்டி அளவில் வைக்கலாம். மரபு அரிசி சற்று விறைப்பாக வேகும் என்பதால், பல் இல்லாதவர்களுக்காக ஒரு பங்கைக் குழைய வடிக்கும்படி தவசுப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.

பந்தி பரிமாறும் பணியை முறைவைத்துச் செட்டினரே ஏற்கலாம். அவ்வாறு பரிமாறும்போது, ‘போதும்’ என்று இலையின் மேல் கை கவிப்பவரின் மறுப்பு உபசாரமா, உண்மையா என்பதை நாற்பது ஆண்டு நண்பரால் மட்டுமே பிரித்தறிய முடியும்.

7. பத்திரிகை, மொய், பரிசு

மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடமையாகவும் கருதப்படுவதால், ஓய்வூதியத்திலோ பிள்ளைகள் அனுப்பும் தொகையிலோ வாழும் நண்பருக்கு அது சுமையாகலாம். தோழமை நாளில் மொய்யை முற்றிலும் தவிர்ப்பதைப் பத்திரிகையிலேயே தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். மாதிரி வாசகம் வருமாறு:

‘அன்புடையீர், நிகழும் மங்களகரமான ஆண்டு மாசித் திங்களில் அறுபது நிறையும் நம் நண்பருடன் ஒரு நாளைக் கழிக்கத் தங்களை அன்போடு அழைக்கிறோம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆற்றுப் பாலத்தருகே கூடுவோம். நடப்பதற்கு ஏற்ற செருப்புடன் வருக. மொய்யும் பொன்னாடையும் வேண்டாம். நம் பழைய நாள்களின் ஒரு நினைவை ஒரு தாளில் எழுதி எடுத்துவருக. இங்ஙனம், செட்டினர்.’

பத்திரிகையின் அடியில் பிள்ளைகளின் பெயர் இல்லாமல் நண்பர்களின் பெயர்கள் அமைவது இதன் சிறப்பு. வந்து சேரும் தாள்களைத் தைத்து ஒரு நூலாக்கிக் கொடுத்தால், அதற்கு ஈடான பரிசு வேறில்லை.

செட்டினர் கூடி ஒரு பொருள் வாங்க விரும்பினால், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர்க் கலைத்தட்டு, பேரப்பிள்ளைகளும் மகிழும் தலையாட்டி பொம்மை ஆகியவை மண்ணின் கைவினைஞருக்கும் பயன்படும். விழாவுக்குரியவர் நண்பர்களுக்குத் தரும் தாம்பூலப் பையில் ஒரு பிடி மரபு நெல் விதை வைப்பது படுகைக்கு மிகவும் பொருத்தமானது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவை நடத்தி, 2018இல் மறைந்த நெல் ஜெயராமன், உழவர்க்கு இரண்டு கிலோ விதை கொடுத்து அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்பப் பெறும் முறையால் அழிந்துகொண்டிருந்த பல நெல் வகைகளை மீட்டார். அதையே பின்பற்றி, விதை பெற்ற நண்பர் வயலிலோ தொட்டியிலோ விளைவித்து அடுத்த பிறந்தநாளில் இரு மடங்காகக் கொண்டுவருவது என்று ஏற்பாடு செய்தால், விழா ஒரு நாளோடு முடியாது.

8. துணையை இழந்தவரின் நாள்

மணிவிழாவும் சதாபிஷேகமும் தம்பதியரை மையமாகக் கொண்டவை. மீண்டும் தாலி கட்டும் நிகழ்ச்சி அவற்றின் உச்சமாகக் கருதப்படுகிறது. இதனால் கணவரையோ மனைவியையோ இழந்தவரும், மணம் செய்துகொள்ளாதவரும் அறுபதையும் எண்பதையும் ஓசையின்றிக் கடந்துவிடுகின்றனர். கணவரை இழந்த பெண்கள் பிறர் விழாவிலும் பின் வரிசையில் அமர நேர்கிறது. ஒரு மனிதர் அறுபது ஆண்டு உழைத்து வாழ்ந்தார் என்பதற்கு மற்றொருவரின் உயிர் நிபந்தனையாக இருத்தல் தகாது.

தோழமை நாளின் பெரும்பயன் இங்குத்தான் வெளிப்படுகிறது. அதற்குத் தம்பதியர் தேவையில்லை, நண்பர்கள் போதும். தோழியர் கூடிச் செல்லும் பயணம், நகரப் பேருந்தில் கட்டணமின்றி ஏறி அருகிலுள்ள கோயிலுக்குச் சென்றுவருவதாகவும் இருக்கலாம். கணவரை இழந்த அம்மையாருக்குப் பூ வைப்பதையோ, அவர் கையால் விளக்கேற்றச் சொல்வதையோ தோழியரே முன்னின்று செய்தால், குடும்பத்தார் தயக்கம் தானே விலகும். மறைந்த துணையைப் பற்றி எவரும் பேசாமல் இருப்பது அவரை மேலும் தனிமைப்படுத்தும். மறைந்தவரை அறிந்த நண்பர் ஒருவர் அவரைப் பற்றிய நல்ல நினைவொன்றைச் சொல்லித் தொடங்குவதே பண்பாகும்.

செட்டில் பல சமயத்தார் கலந்திருப்பதும் இவ்வட்டாரத்தின் இயல்பு. பூண்டி மாதா பேராலயத்தில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் நண்பரின் எழுபதுக்கும், தம் வீட்டில் துஆ ஓதி விருந்தளிக்கும் நண்பரின் எழுபதுக்கும் இவ்வத்தியாயத்தின் நடையும் பாட்டும் நடவும் அவ்வாறே பொருந்தும்.

9. கால அட்டவணையும் நிறைவும்

ஆறு மாதத்துக்கு முன் நட்சத்திர நாளை உறுதிசெய்து, செட்டினர் கூடித் தோழமை நாளைக் குறிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் செயலைத் தேர்ந்தெடுத்து, தேவையான ஒப்புதல்களையும் வண்டியையும் பேசி முடிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன் பத்திரிகை கொடுத்து, பணிகளைப் பெயர் குறித்துப் பகிர்ந்து, பாட்டுப் பயிற்சியையோ நடைத்தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுவதையோ தொடங்க வேண்டும். ஒரு வாரத்துக்கு முன் இருவர் நேரில் சென்று, வழி, நிழல், இருக்கை, கழிப்பறை ஆகியவற்றைப் பார்த்துவர வேண்டும். முந்திய இரவு எல்லாரும் ஒன்பது மணிக்குள் உறங்கிவிட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, சடங்கைக் குடும்பமும் தோழமை நாளைச் செட்டும் ஏற்பது சுமையைப் பகிரும். இயலாத நண்பரின் பங்கை எவரும் அறியாமல் மற்றவர் ஏற்பது செட்டின் மரியாதையைக் காக்கும்.

விழா முடிந்ததும், கலைவதற்கு முன்பாகச் செய்ய வேண்டிய பணி ஒன்று உள்ளது. செட்டில் அடுத்து நிறைவு காண இருப்பவர் யார், அவருடைய மாதமும் நட்சத்திரமும் எவை என்பதைக் கேட்டு, பணிகளை எழுதிய அதே குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும். எழுபதைக் கடந்த செட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஓர் இடம் வெறுமையாகக்கூடும் என்பதை எல்லாரும் அறிவர். அதனாலேயே அடுத்த நாளை எழுதிவைப்பது தேவையாகிறது. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, முந்திய நாளின் களைப்பையும் பொருட்படுத்தாமல், எத்தனை பேர் பாலத்தருகே வந்து நிற்கின்றனர் என்பதைக் கொண்டே தோழமை நாள் எவ்வளவு நன்றாக நடந்தது என்பதைக் கணிக்கலாம்.